பதவியில் இருக்கும் செனட்டரை அமைச்சராக்க முடியுமா? அமெரிக்க விதிகள் சொல்வது என்ன

அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்த கையோடு பெயர்கள் அடிபடத் தொடங்கிவிடும். இந்த செனட்டருக்கு நிதித்துறையாம், அந்த செனட்டருக்கு வெளியுறவாம் என்று தொலைக்காட்சிகளில் பேச்சு ஓடும். அதிபருக்கு யார் நெருக்கம், பிரசாரத்தில் யார் அதிகம் உழைத்தார் என்பதை வைத்தே பெரும்பாலும் ஊகிக்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. அவர் எழுந்துபோனால் அந்த நாற்காலியில் யார் உட்காருவார்? பல பெயர்கள் பட்டியலிலிருந்து காணாமல் போவது இந்தக் கேள்வியால்தான்.

இந்தியாவில் அமைச்சராக வருபவர் ஆறு மாதத்துக்குள் நாடாளுமன்ற உறுப்பினராகியே தீர வேண்டும். அமெரிக்காவில் இது அப்படியே தலைகீழ். அரசமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவு, 6ஆம் உட்பிரிவின்படி, அரசு நிர்வாகத்தில் பதவி வகிக்கும் எவரும் அந்தப் பதவியில் இருக்கும்வரை காங்கிரஸ் எனும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் (செனட், பிரதிநிதிகள் சபை) உறுப்பினராக இருக்க முடியாது. எனவே செனட்டர் அமைச்சராக வேண்டுமானால் செனட் இடத்தை விட்டாக வேண்டும். ஆனால் பெயர் அறிவிக்கப்பட்டதுமே விலக வேண்டியதில்லை. செனட் ஒப்புதல் தந்து, புதிய பதவியை ஏற்கும் நேரத்தில் விலகினால் போதும். அதுவரை அவர் முழு உரிமையுள்ள செனட்டர்தான், தன் நியமனத்துக்கே வாக்களிக்கலாம். 2025 ஜனவரி 20 அன்று மார்க்கோ ரூபியோ வெளியுறவு அமைச்சராக 99-0 என்று ஒப்புதல் பெற்றபோது அந்த 99இல் அவருடைய வாக்கும் ஒன்று. 2017இல் அட்டர்னி ஜெனரல் (நீதித்துறைக்குப் பொறுப்பான அமைச்சர்) பதவிக்கு முன்மொழியப்பட்ட அலபாமா செனட்டர் ஜெஃப் செஷன்ஸ் வேறு வழியை எடுத்தார். தன் நியமனத்தின் மீதான வாக்கெடுப்பில் ஆதரவோ எதிர்ப்போ சொல்லாமல் வருகையை மட்டும் பதிவு செய்தார்.

அதே உட்பிரிவில் இன்னொரு தடையும் இருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ஒரு செனட்டர் எந்தக் காலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டாரோ அந்தக் காலத்தில் உருவாக்கப்பட்ட பதவிக்கோ, அந்தக் காலத்தில் ஊதியம் உயர்த்தப்பட்ட பதவிக்கோ அவரை நியமிக்கக் கூடாது. தாங்களே பதவியை உண்டாக்கி, தாங்களே சம்பளத்தைக் கூட்டி, பிறகு தாங்களே போய் அமர்ந்துகொள்வதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. இங்கே கணக்கு, அவர் பதவியில் இருந்த நாட்களுக்கு அல்ல, தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறாண்டு முழுவதற்கும். முன்கூட்டியே ராஜினாமா செய்துவிட்டால் தடை நீங்கிவிடும் என்று நினைப்பது தவறு. ஐயோவா மாநிலத்தின் சாமுவேல் கிர்க்வுட் 1881இல் செனட்டை விட்டு உள்துறை அமைச்சராகப் போனார். 1882இல் உருவான சுங்கவரி ஆணையத்தில் அவரை நியமிக்கலாமா என்ற கேள்வி வந்தபோது, அவருடைய செனட் காலம் 1883 வரை நீள்வதால் கூடாது என்று அட்டர்னி ஜெனரல் கருத்துச் சொன்னார்.

சம்பளம் உயர்ந்ததுதான் சிக்கல் என்றால் ஒரு மாற்று வழி உண்டு. அதற்கு 'சாக்ஸ்பி தீர்வு' என்று பெயர். 1973இல் அதிபர் நிக்சன் ஒஹாயோ செனட்டர் வில்லியம் சாக்ஸ்பியை அட்டர்னி ஜெனரலாக்க விரும்பினார். ஆனால் சாக்ஸ்பியின் பதவிக்காலத்துக்குள், 1969இல், அந்தப் பதவிக்கான ஆண்டுச் சம்பளம் 35,000 டாலரிலிருந்து 60,000 டாலராக உயர்ந்திருந்தது. காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டு அதைப் பழையபடி 35,000 ஆக்கியது, சாக்ஸ்பி பதவியேற்றார். பெயர் அவருடையதாக நிலைத்தாலும் முறை பழையது. 1909இலேயே ஃபிலாண்டர் நாக்ஸ் வெளியுறவு அமைச்சராவதற்காக அந்தப் பதவியின் சம்பளத்தை 12,000இலிருந்து 8,000 டாலராகக் குறைத்திருக்கிறார்கள். 2008 டிசம்பரில் ஹிலாரி கிளிண்டனுக்கும் இதே வழிதான். 1,91,300 டாலராக இருந்த சம்பளம் 1,86,600 டாலருக்கு இறங்கியது, 4,700 டாலர் குறைவு.

இது சட்டப்படி சரிதானா என்ற விவாதம் இன்றும் தீரவில்லை. சம்பளம் ஒருமுறை உயர்ந்தால் உயர்ந்ததுதான், பிறகு குறைப்பதால் அது இல்லையென்று ஆகாது என்பது ஒரு தரப்பு. 1973இல் செனட்டர் ராபர்ட் பேர்ட் எதிர்த்ததும் இந்த அடிப்படையில்தான். நிகர உயர்வு இல்லாவிட்டால் தடையும் இல்லை என்பது மறுதரப்பு. கிளிண்டன் நியமனத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கு, மனுதாரருக்கு வழக்குத் தொடரத் தகுதி இல்லை என்று 2009இல் தள்ளுபடியானது. 1937இல் செனட்டர் ஹியூகோ பிளாக்கை உச்ச நீதிமன்ற நீதிபதியாக்கியதை எதிர்த்த வழக்குக்கும் அதே கதிதான். ஆக, மையக் கேள்விக்கு நீதிமன்றம் பதில் சொல்லாமலே காலம் ஓடுகிறது. நடைமுறையில் சாக்ஸ்பி தீர்வு செல்லும் என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் புதிதாக ஒரு துறையை உருவாக்கினால் அங்கே இது உதவாது. அந்தச் சட்டம் நிறைவேறியபோது நடப்பில் இருந்த பதவிக்காலம் முடியும்வரை, எந்த செனட்டரும் அந்தத் துறைக்கு அமைச்சராக முடியாது.

செனட் ஒப்புதலைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. எஃப்.பி.ஐ. பின்னணிச் சோதனை, சொத்து விவர அறிக்கை, சம்பந்தப்பட்ட குழு முன் விசாரணை, பிறகு அவை வாக்கெடுப்பு என்று போகும். 2013 நவம்பருக்குப் பிறகு சாதாரணப் பெரும்பான்மையே போதும். கூட இருந்து பழகியவர் என்பதால் செனட்டருக்கு வழி சற்று எளிது. எளிது என்றுதான் சொல்ல முடியும், உறுதி என்று சொல்ல முடியாது. 24 ஆண்டு செனட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஜான் டவரை 1989இல் பாதுகாப்பு அமைச்சராக்க முன்மொழிந்தபோது 47-53 என்று அவையே நிராகரித்தது.

இனி காலியாகும் இடம். ராஜினாமாக் கடிதம் மாநில ஆளுநருக்குப் போகும் (அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் தேர்ந்தெடுக்கும் மாநில அரசின் தலைவர்). 1913இல் வந்த 17ஆவது திருத்தத்தின்படி காலியிடத்தை மக்கள் தேர்தலில்தான் நிரப்ப வேண்டும். அதுவரை தற்காலிகமாக ஒருவரை நியமிக்கும் அதிகாரத்தை மாநில சட்டமன்றம் ஆளுநருக்குத் தரலாம். இந்த "தரலாம்" என்பதால்தான் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. பெரும்பாலான மாநிலங்களில் ஆளுநர் தன் விருப்பப்படி நியமிக்கலாம். அரிசோனா, ஹவாய், வயோமிங் போன்றவற்றில் விலகியவரின் கட்சியைச் சேர்ந்தவரைத்தான் நியமிக்க வேண்டும். ஓரிகன், விஸ்கான்சின், வடக்கு டகோட்டா, ரோட் தீவு மாநிலங்களில் ஆளுநருக்கு அந்த அதிகாரமே இல்லை, நேராக இடைத்தேர்தல்தான். கென்டக்கியும் 2024இல் இதே வழிக்கு வந்தது. எங்கள் பார்வையில் வாக்காளருக்கு நியாயமான ஏற்பாடு இதுவே. ஆறாண்டுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்த மக்களின் குரல், ஆளுநர் ஒருவரின் கையெழுத்தில் கட்சி மாறிப் போகக் கூடாது.

பைடன் அதிபர் தேர்தலில் வென்ற 2020 முடிவில், மாசசூசெட்ஸ் செனட்டர் எலிசபெத் வாரன், வெர்மான்ட் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் பெயர்கள் அமைச்சர் பதவிக்கு அடிபட்டதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். மாசசூசெட்ஸ், வெர்மான்ட் இரண்டிலும் அப்போது குடியரசுக் கட்சி ஆளுநர்கள். 2021 ஜனவரி 5 ஜார்ஜியா தேர்தலுக்குப் பிறகு செனட் 50-50 என்று நின்றது, துணை அதிபரின் வாக்கில்தான் ஜனநாயகக் கட்சியின் பிடி இருந்தது. ஓர் இடம் கைமாறினாலும் செனட் கையைவிட்டுப் போய்விடும். தொழிலாளர் துறைக்குச் சாண்டர்ஸைப் பற்றி யோசித்ததாகவும், செனட் பெரும்பான்மையைப் பணயம் வைக்க முடியாது என்று இருவரும் ஒப்புக்கொண்டதாகவும் பைடனே அந்த மாதம் சொன்னார்.

மாசசூசெட்ஸில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காலியிடம் ஏற்பட்ட 145ஆம் நாளிலிருந்து 160ஆம் நாளுக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும், இடைக்காலத்துக்கு மட்டும் ஆளுநர் ஒருவரை நியமிப்பார். ஆனால் அந்த நாள்கணக்கு விலகும் தேதியிலிருந்து தொடங்குவதில்லை. "இன்ன தேதியிலிருந்து விலகுகிறேன்" என்று முன்கூட்டியே கடிதம் கொடுத்தாலும், கொடுத்த நாளிலேயே காலியிடம் ஏற்பட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. தேர்தல் நாள் மட்டும் உண்மையில் விலகிய பின் வர வேண்டும். நவம்பரிலேயே கடிதம் கொடுத்தால் இடைக்கால நியமனத்தின் ஆயுளைப் பல வாரங்கள் சுருக்கிவிடலாம். ஆனால் கொடுத்த பிறகு செனட் ஒப்புதல் கிடைக்காவிட்டால் அமைச்சர் பதவி, செனட் இடம் இரண்டும் போய்விடும்.

ஆளுநர் சொந்தக் கட்சிக்காரர் என்றாலும் நிம்மதி இல்லை. செஷன்ஸ் விலகியதும் அலபாமா ஆளுநர் லூதர் ஸ்ட்ரேஞ்சை நியமித்தார். குடியரசுக் கட்சியின் வேட்பாளர் தேர்விலேயே ஸ்ட்ரேஞ்ச் தோற்றார். 2017 டிசம்பர் 12 இடைத்தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் டக் ஜோன்ஸ் வென்றார். 52 ஆக இருந்த குடியரசுக் கட்சியின் பலம் 51 ஆனது.

எதிர்க்கட்சி செனட்டரை அழைக்கும்போது பேரமும் சேர்ந்து வரும். 2009 பிப்ரவரி 3 அன்று ஒபாமா, குடியரசுக் கட்சியின் ஜட் கிரெக்கை வர்த்தக அமைச்சராக அறிவித்தார். அவருடைய நியூ ஹாம்ப்ஷயரில் ஆளுநர் ஜனநாயகக் கட்சிக்காரர். கட்சிப் பலம் குலையக் கூடாது என்பதற்காக, குடியரசுக் கட்சியின் பானி நியூமனை நியமிப்பதாக ஆளுநர் அறிவித்தார். ஒன்பதே நாளில் கொள்கை வேறுபாட்டைச் சொல்லிக் கிரெக் பின்வாங்கினார். ராஜினாமாக் கடிதம் எதுவும் கொடுக்காததால் அவர் செனட்டராகவே தொடர்ந்தார்.