டீசல் சொட்டாத ஓட்டை

பழைய டீசல் கார் ஒன்று காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் கிளம்புகிறது. கிளம்பியதும் கொஞ்ச நேரம் தடுமாறுகிறது, பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. இன்னொரு கார் சமதளத்தில் சமர்த்து, மேட்டில் ஏறினால் மட்டும் இழுவை செத்துவிடுகிறது. இரண்டுக்கும் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் தீர்ப்பு, "பம்ப் போயிடுச்சு" என்பதுதான். இன்ஜெக்‌ஷன் பம்ப் அந்த வண்டியின் விலை கூடிய பாகங்களில் ஒன்று. அதைக் கழற்றி, டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, சரிபார்த்துப் பூட்டிய பிறகும் மறுநாள் காலை அதே தடுமாற்றம் வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பல நேரம் கோளாறு பம்பில் இருப்பதில்லை, பம்புக்கு டீசல் வந்து சேரும் வழியில்தான் இருக்கும்.

நான் பேசுவது காமன் ரெயிலுக்கு (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தூவும் முறை) முந்தைய தலைமுறை வண்டிகளைப் பற்றி. எஞ்சினே சுழற்றும் மெக்கானிக்கல் பம்ப் ஒன்று டீசலை அளந்து, அழுத்தி, நேரம் பார்த்து அனுப்பும் வண்டிகள் அவை. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927இல் இத்தகைய பம்புகளைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. 1936இல் வந்த மெர்சிடிஸ் 260 டி போன்ற டீசல் கார்கள் அதனால்தான் சாத்தியமாயின. பின்னாளில் ஒரே பிளஞ்சர் (டீசலைத் தள்ளும் சிறு தண்டு) எல்லா சிலிண்டருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் சிறிய ரோட்டரி பம்புகள் கார்களில் பரவின.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நசுக்குகிறது. அந்த நசுக்கலிலேயே காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அதில் டீசலைத் தூவினால் தானாகப் பற்றிக்கொள்ளும். தூவுகிற அளவு எவ்வளவு? ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடவிட்டால், மணிக்கு அரை லிட்டர் குடிக்கும் நான்கு சிலிண்டர் கார் நிமிடத்துக்கு 850 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போகும். ஆக, நிமிடத்துக்கு 1,700 தூவல், மணிக்கு ஒரு லட்சத்துக்கு மேல். வகுத்துப் பார்த்தால் ஒரு தூவலுக்கு சுமார் 5 கன மில்லிமீட்டர்தான், ஒரு சொட்டுத் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு.

இந்தத் துளியூண்டு டீசல், சிலிண்டருக்குள் தூவும் இன்ஜெக்டரின் முனையான நாசிலைத் திறக்க வேண்டும். பழைய கார்களில் அதற்கு 130 பார் அளவில் அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தத்தில் டீசல் ஒரு சதவீதம் போலத்தான் சுருங்கும், அதனால் பம்ப் தள்ளிய தள்ளு அப்படியே நாசிலுக்குப் போய்ச் சேரும். காற்று அப்படியல்ல. 130 பாரில் அது நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிவிடும். ஒரு தூவல் அளவே உள்ள சின்னக் குமிழி ஒன்று குழாயில் இருந்தால் போதும், பம்ப் தள்ளியதையெல்லாம் அந்தக் குமிழியே விழுங்கிவிடும். நாசில் திறக்காது. "ஏர் புடிச்சிருக்கு" என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான்.

சரி, காற்று எப்படி உள்ளே வருகிறது? டேங்க் முதல் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. பம்ப் முதல் நாசில் வரை தள்ளப்பட்டுப் போகிறது. தள்ளும் பக்கத்தில் கீறல் விழுந்தால் டீசல் பீய்ச்சும், யாருக்கும் தெரியும். உறிஞ்சும் பக்கத்தில் உள்ளே இருப்பது வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம். ஓட்டையுள்ள ஸ்ட்ராவில் குடிக்கும்போது பானம் வெளியே ஒழுகுவதில்லை, வெறும் காற்றுதான் வாய்க்கு வருகிறது. இங்கும் அதே கதை. வண்டிக்கடியில் தரை காய்ந்திருக்கிறது என்பது எதற்கும் சாட்சியல்ல. டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தள்ளும் ஃபீட் பம்ப் தனியாக உள்ள எஞ்சினில் மட்டும், அதைத் தாண்டிய பிறகு வரும் கசிவு ஈரமாகக் கண்ணில் படும்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால், செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரைப் பார்க்கச் சொல்வேன். வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் எரியவில்லை. அப்போது குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக், காற்றை நசுக்கும் கம்ப்ரஷன், டீசல் தூவும் நேரமான டைமிங் பக்கம் தேட வேண்டும். துளிப் புகையும் இல்லையென்றால் டீசலே போகவில்லை. அப்படியானால் முதலில் பம்பின் மேலுள்ள ஸ்டாப் சோலினாய்டின் (மின்சாரம் வந்தால் மட்டும் டீசலுக்கு வழிவிடும் வால்வு) வயரைப் பாருங்கள். சாவி போட்டதும் அது 'டிக்' என்று சத்தம் கொடுக்க வேண்டும். ஒரு வயர் கழன்று கிடந்ததற்காகப் பம்பையே இறக்குவது நடக்காத கூத்தல்ல.

காலைத் தடுமாற்றத்துக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், செல்ஃப் அடிப்பதற்கு முன் ஹேண்ட் பிரைமரை (கையால் அழுத்தி டீசலை இழுக்கும் சிறு பம்ப்) கெட்டியாகும்வரை அழுத்துங்கள். அன்று மட்டும் சட்டென்று கிளம்பினால் விடை கிடைத்துவிட்டது: எங்கோ ஒரு பொடி ஓட்டை வழியாகக் காற்று நுழைந்து, குழாயில் நின்ற டீசல் இரவில் டேங்குக்கே இறங்கிப் போயிருக்கிறது. பலர் உடனே ஒருவழி வால்வு ஒன்றை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். டீசல் இறங்காது, உண்மைதான். ஓட்டை அப்படியே இருக்கும், ஓடும்போது காற்றைக் குடித்துக்கொண்டே இருக்கும். எனக்கு அந்த வைத்தியத்தில் நம்பிக்கையில்லை.

ஓட்டை ஒளிந்திருக்கும் இடங்கள் பெரும்பாலும் அற்பமானவை. இன்ஜெக்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் விரல் தடிமன்கூட இல்லாத, மீந்த டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஓஸ், நூல் பின்னலுக்கு அடியில் வெடித்திருக்கும். ஃபில்டரின் ரப்பர் வளையம், ஏற்கெனவே நசுங்கிய செப்பு வாஷர், பிரைமரின் டயாஃப்ரம், கெட்டித்துப்போன ஓஸ் மேல் இறுக்கிய கிளிப் என எங்கும் இருக்கலாம். டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சுகுழாய் துருப்பிடித்து ஓட்டையாவதும் உண்டு. அதற்கு ஒரு தனி அடையாளம்: டேங்க் நிறைந்திருக்கும்வரை தொந்தரவே இருக்காது, டீசல் மட்டம் அந்த ஓட்டைக்குக் கீழே போனதும் தொடங்கும்.

பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு டீசலைத் தாங்கும் தெளிவான ஓஸைப் போட்டால் உள்ளே நடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குமிழி சரம் சரமாகப் போனால் காற்று வருகிறது. ஆனால் அவசரப்பட வேண்டாம். டீசலில் எப்போதும் கொஞ்சம் காற்று கரைந்திருக்கும். முன்னால் ஃபில்டர் அடைத்திருந்து பம்ப் கடுமையாக உறிஞ்சினால், அந்தத் தாழ்ந்த அழுத்தத்தில் கரைந்த காற்றே குமிழியாகப் பிரிந்து வரும். அதாவது, ஓட்டையே இல்லாமலும் குமிழி தெரியும். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே உறிஞ்சலை அளக்கும் வேக்யூம் கேஜ் வைத்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். முள் ஏறிக்கொண்டே போனால் அடைப்பு. முள் அசையாமல் குமிழி மட்டும் வந்தால் ஓட்டை.

மேட்டில் இழுக்காத வண்டியில் அடைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஐட்லிங்குக்கு வேண்டிய சொற்ப டீசல் பெரும்பாலான அடைப்புகளிலும் வந்துவிடும். ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது பல மடங்கு வேண்டும், அப்போதுதான் பற்றாக்குறை தெரியும். காற்றழுத்தமே சுமார் 1 பார்தான் என்பதால், பம்ப் எவ்வளவு முயன்றாலும் அதற்கு மேல் உறிஞ்ச முடியாது. ஃபில்டரை மாற்றியும் தீரவில்லையென்றால், நின்றுபோன அந்தக் கணத்தில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்து, வண்டி மறுபடி நன்றாக ஓடினால் டேங்கின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. மூடியைத் தொடாமலே, சற்று நேரம் நின்றால் தானாகச் சரியாகிறது என்றால் டேங்குக்குள் இருக்கும் வலையைச் சந்தேகியுங்கள். உறிஞ்சல் நின்றதும் ஒட்டியிருந்த கசடு உதிர்ந்து அடியில் படியும், ஓட ஓட மீண்டும் போய் ஒட்டும். ஃபில்டரில் கறுப்பாக வழவழவென்று ஏதாவது வந்தால் அது வெறும் அழுக்கல்ல. டேங்கின் அடியில் தேங்கிய தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே வளரும் நுண்ணுயிர்கள். டேங்கைக் கழுவாமல் எத்தனை ஃபில்டர் மாற்றினாலும் வீண். கடுங்குளிரில் டீசலின் மெழுகு உறைந்து ஃபில்டரை அடைப்பது தனிக்கதை, வெயில் ஏறினால் தீர்ந்துவிடும்.

இத்தனையையும் ஒரே அடியில் இரண்டாகப் பிரிக்கும் சோதனை ஒன்று இருக்கிறது. சுத்தமான டீசல் உள்ள கேன் ஒன்றை எஞ்சின் அறையில் அசையாமல் நிறுத்தி, பம்பின் இன்லெட்டுக்கும் ரிட்டர்னுக்கும் தனித்தனி ஓஸ் போட்டு இரண்டையும் அதில் விடுங்கள். காற்று எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி சீறிக்கொண்டு ஓடினால் பம்ப் குற்றமற்றது, தேட வேண்டியது பின்னால் டேங்க் வரைக்கும். கேனிலும் அதே தடுமாற்றம் என்றால் பம்ப், நாசில், ரிட்டர்ன் ஓஸ் பக்கம் திரும்பலாம். ஐட்லிங்கில், இன்ஜெக்டருக்கு வரும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்துங்கள். எதைத் தளர்த்தும்போது எஞ்சின் ஓட்டம் மாறவில்லையோ அந்த சிலிண்டர் முன்பே வேலை செய்யவில்லை. பீய்ச்சும் டீசலுக்கு முன்னால் விரலை நீட்டவே கூடாது. நாசில் வேகத்தில் அது தோலைத் துளைத்து உள்ளே போகும். மேலே ஊசி குத்தின அளவுதான் தெரியும், உள்ளே விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகும்.

பம்பே தேய்ந்திருக்கிறது என்று சொல்ல எனக்கு நம்பிக்கை தரும் அடையாளம் வேறு. குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காகக் கிளம்பும் வண்டி, சூடாக நிறுத்திவிட்டு வந்தால் கிளம்ப மறுக்கும். சூட்டில் டீசல் நீர்த்துப்போய், தேய்ந்த பிளஞ்சரின் ஓரமாக நழுவிவிடுகிறது. செல்ஃப் சுற்றும் மெதுவான வேகத்தில் அழுத்தம் சேரவே நேரமில்லை. எஞ்சினை நிறுத்திய நிலையில் ஈரத்துணியால் பம்பைச் சுற்றிக் கொஞ்ச நேரம் ஆறவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். கொதிக்கும் பம்பில் பச்சைத்தண்ணீரை ஊற்ற வேண்டாம், உள்ளே இறுகிப் பிடித்துக்கொள்ளலாம். ஆறியதும் கிளம்பினால், பம்பைக் கழற்றி பெஞ்சுக்கு அனுப்பலாம்.