கார் காப்பெட்டுக்கு அடியில் ஓடும் கான்

தகரக் கூரை லயத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் சின்ன வயதிலேயே தெரிந்துவிடும். மழைக்குச் சட்டி வைக்கும் இடம் ஒன்று, ஆணி ஓட்டை இருக்கும் இடம் வேறொன்று. ஓட்டையில் நுழைந்த தண்ணீர் தகரத்தின் அடியைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து, வளை மரத்தில் இறங்கி, அந்த மரம் முடியும் இடத்தில்தான் சொட்டும். சட்டிக்கு நேர் மேலே தார் பூசுகிறவர் அடுத்த மழைக்கும் சட்டி எடுத்து வைப்பார்.

இவ்வளவும் தெரிந்த நான்தான், ஒரு ஜூன் மாத மழையில் என் பழைய காரின் பின்சீட்டுக்கு முன்னால், இடது பக்கக் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் நின்றபோது, யோசிக்காமல் பின்கதவைச் சந்தேகப்பட்டேன். கொண்டுபோய்க் காட்டிய கராஜிலும் அதையேதான் சந்தேகப்பட்டார்கள். கதவின் ரப்பர் பீடிங்கைச் சுற்றி ஒரு டியூப் சிலிக்கனைப் பூசினார்கள். ஹோஸ் பிடித்துக் காட்டினார்கள், ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் காலையில் மறுபடியும் அதே குளம்.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். சிறிய காரின் கூரையும் முன் பின் கண்ணாடிகளும் சேர்த்து ஏறக்குறைய 3 சதுர மீற்றர் வரும். இலங்கை மலைநாட்டில் வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் நாட்களில் ஓர் இரவுக்கு 50 மில்லிமீற்றர் என்பது அங்கே பெரிய செய்தியில்லை. அந்த ஓர் இரவில் மட்டும் காரின் தலையில் 150 லீற்றர் விழுகிறது. முக்கால் பெரல் தண்ணீர். அதில் நூற்றில் ஒரு பங்கு உள்ளே போனாலும் காலையில் சப்பாத்து நனையும்.

இவ்வளவு தண்ணீரையும் ரப்பர் வைத்துத் தடுத்துவிடலாம் என்று கார் செய்கிறவர்கள் நினைப்பதில்லை. தேயிலை மலையில் என்ன செய்கிறோம்? மழை விழாமல் மலையை மூடுவதில்லை. சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, விழுந்த தண்ணீரை ஓரமாக நடத்திக் கொண்டுபோய் ஆற்றில் விடுகிறோம். கான் அடைபட்டால்தான் மண் சரிகிறது. காரிலும் அதே ஏற்பாடுதான். கூரையின் இரண்டு ஓரத்திலும் கான், முன்கண்ணாடிக்குக் கீழே கான், டிக்கி மூடியைச் சுற்றிக் கான். ரப்பர் பீடிங் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். அதையும் தாண்டி வருவதை வாங்கி வெளியே விடுவது இந்தக் கான்களின் வேலை. அதனால் காருக்குள் தண்ணீர் வந்தால், புதிதாக எங்கே திறந்தது என்று தேடுவதற்கு முன்னால், எப்போதும் திறந்திருக்க வேண்டிய எது அடைபட்டது என்று கேட்பது நல்லது.

கதவையே எடுத்துக்கொள்ளுங்கள். மழையில் நிற்கும் காரின் கதவுக்குள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். பழுதானதால் அல்ல, அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். ஷட்டர் கண்ணாடி ஏறி இறங்க வேண்டும் என்பதால் அதன் ஓர ரப்பரை இறுக்கமாக வைக்க முடியாது. கண்ணாடியில் வழிகிற தண்ணீரில் ஒரு பங்கு அந்த ரப்பரைத் தாண்டிக் கதவின் வயிற்றுக்குள் விழும். கதவின் அடி விளிம்பில் இருக்கும் சின்ன ஓட்டைகள் வழியாக வெளியேறும். கதவின் வயிற்றுக்கும் நாம் கை வைக்கும் உள் அட்டைக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாளைக் கறுப்பான பிசுபிசுப்புப் பசையால் ஒட்டியிருப்பார்கள். அந்த ஒரு தாள்தான் உள்ளுக்கும் வெளிக்கும் எல்லை. ஸ்பீக்கர் மாற்றவோ ஷட்டர் மோட்டார் பார்க்கவோ யாராவது அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, திரும்ப ஒட்டாமல் அட்டையை மூடினால், கதவுக்குள் ஓட வேண்டியது காப்பெட்டில் ஓடும்.

இனி, நுழைந்த தண்ணீர் ஏன் வேறிடத்தில் போய்த் தேங்குகிறது?

கேத்தலில் இருந்து தேநீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். கோப்பையில் விழாமல் மூக்கின் அடியைப் பிடித்துக்கொண்டு மேசையில் வழியும். தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கின்றன, தொட்ட பரப்பையும் இழுக்கின்றன. வேகமும் எடையும் குறைவாக இருக்கும்வரை அந்தப் பிடிப்பு விடாது. அப்படித்தான் டேஷ்போர்டுக்குப் பின்னால் நுழைந்த ஒரு கோடு தண்ணீர், வயர்க் கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு மீற்றர் தூரம்கூடப் போகும். வயர் வளைந்து தாழும் இடத்தில்தான் சொட்டும்.

நுண்துளை ஏற்றம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இன்னொன்று. சுத்தமான இரண்டு தகடுகளுக்கு நடுவே 1 மில்லிமீற்றர் இடைவெளி இருந்தால் தண்ணீர் தானாக ஒன்றரை சென்ரிமீற்றர் ஏறும். இடைவெளி 0.1 மில்லிமீற்றராகச் சுருங்கினால் 15 சென்ரிமீற்றர் ஏறும். ஓட்டை சிறியது என்பதற்காக நிம்மதியாக இருக்க முடியாது. சிறியதுதான் அதிகம் இழுக்கிறது. காப்பெட்டுக்கு அடியில் இருக்கும் மெத்தை குப்பி விளக்குத் திரி போல வேலை செய்யும். முன்பக்கம் குடித்ததைப் பின்பக்கத்துக்குக் கடத்தும். மேலே தொட்டால் காய்ந்தது போலிருக்கும், அழுத்தினால் விரலைச் சுற்றித் தண்ணீர் பொங்கும்.

ஓடும்போது காற்றின் அழுத்தமும் சேரும் என்பார்கள். உண்மைதான். ஆனால் ஹட்டன் பாதையின் வளைவுகளில் 40 கிலோமீற்றர் வேகத்தில் அந்த அழுத்தம் 6, 7 மில்லிமீற்றர் உயரத் தண்ணீரைத் தூக்குமளவுக்குத்தான் இருக்கும். எங்கள் ஊரில் ஓடுகிற காரைவிட நிறுத்திய கார்தான் அதிகம் நனைகிறது.

அந்த நிறுத்துகிற விதத்தில்தான் விஷயம் இருந்தது. மலைநாட்டில் சமதரையில் கார் நிறுத்தும் வசதி எத்தனை வீட்டில் இருக்கிறது? என் வீட்டு வாசலில் கார் மூக்கை மேலே தூக்கி, இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். முன்னால் நுழைகிற தண்ணீர் பின்னால் ஓடிவரும், அதுவும் இடது பக்கமாக. நான் பார்த்த குளம், தண்ணீர் நடந்த பாதையின் கடைசி முனை. கராஜில் தரை சமம். அங்கே நாள் முழுக்கத் தண்ணீர் அடித்தாலும் இந்தக் கோளாறு தலைகாட்டாது.

தேடத் தொடங்குவதற்கு முன், அது மழைத்தண்ணீர்தானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஏசி போட்ட நாளில் மட்டும், மழையில்லாமலே, தெளிந்த தண்ணீர் வந்தால் ஏசியின் வடிகுழாய் அடைபட்டிருக்கிறது. நிறமும் இனிப்பு வாடையும் கையில் வழுவழுப்பும் இருந்தால் அது ரேடியேட்டர் தண்ணீர், உள்ளிருக்கும் ஹீட்டரில் ஒழுக்கு. இரண்டும் இல்லாவிட்டால் மழை.

அடுத்து, காப்பெட்டைத் தூக்கித் தரையைத் துடைத்துக் காயவிட வேண்டும். ஈரத்தில் ஈரத்தைத் தேட முடியாது. காய்ந்த தகட்டில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினால், முதல் சொட்டு ஓடிய தடம் வெள்ளையில் கோடாகத் தெரியும். அப்புறம் ஹோஸ். சேர்விஸ் ஸ்டேஷனில் கார் கழுவும் பிரஷர் துப்பாக்கி இதற்கு உதவாது, அது நல்ல பீடிங்கையும் தாண்டிக்கொண்டு உள்ளே போகும். மழை போலச் சாதாரணமாக வழிய விட வேண்டும், கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் கதவின் அடி, பிறகு கண்ணாடி ஓரம், பிறகு முன்கண்ணாடியின் அடிவாரம், கடைசியாகக் கூரை. ஒவ்வோர் இடத்துக்கும் பத்து நிமிடம். கூரையில் தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், எது ஒழுகியது என்று சொல்ல முடியாது.

காரை எப்போதும் நிற்கும் அதே சரிவில் நிறுத்தினேன். அக்கா மகன் டோர்ச்சோடு முன்சீட்டுக்குக் கீழே தலையை விட்டுப் படுத்துக்கொண்டான். கதவில் ஒன்றுமில்லை. முன்கண்ணாடியின் அடிவாரத்தில் ஊற்றத் தொடங்கி ஏழெட்டு நிமிடம் போயிருக்கும்.

"மாமா, நிப்பாட்டுங்க! இங்க ஃபேன் பெட்டியில இருந்து வருது!"

வைப்பர்களின் காலடியில், பொனட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதற்கு அடியில் தகரத் தொட்டி. முன்கண்ணாடியில் வழிகிறது எல்லாம் அதில் விழுந்து, இரண்டு பக்க மட்கார்ட்டுக்குப் பின்னால் தரைக்கு இறங்கும். அதே தொட்டியில்தான் ஃபேன் பெட்டி காருக்குள் காற்று எடுக்கும் வாயும் இருக்கிறது. நம் நாட்டில் ஓடும் வலது பக்க ஸ்டியரிங் கார்களில் அது பெரும்பாலும் இடது பக்கம் இருக்கும். அந்த வாயைச் சுற்றிக் கிணற்றுக்கட்டு போல ஒரு வரம்பு. தொட்டி வடிந்துகொண்டே இருந்தால் தண்ணீர் அந்த வரம்பை எட்டாது.

மூடியைக் கழற்றினோம். தேயிலைக்கு நிழலாக நிற்கும் சவுக்கு (சில்வர் ஓக்) மரத்தின் இலை பன்னம்போலப் பிளவுபட்டது. காய்ந்தால் நொறுங்கித் தூளாகும், நனைந்தால் ஒட்டிக்கொள்ளும். அப்படி இரண்டு கை நிறைய அள்ளினேன். அடியில் நல்ல கறுப்பு மண், அதில் ஒரு மண்புழு வேறு. இடது வடிகால் முழுதாக மூடியிருந்தது. இடது பக்கம் சாய்ந்து நிற்கும் காரில் இடது வடிகால் அடைபட்டால், தண்ணீருக்கு மிச்சமிருந்த ஒரே வழி காற்று வாய்தான்.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த மழையில் குளம் இல்லை, ஆனால் இடது முன்கதவின் கீழே காப்பெட் ஓரம் மட்டும் ஈரம். அந்தக் கதவின் ஷட்டர் மோட்டாரை முந்திய வருடம் பார்த்திருந்தோம். அட்டையைக் கழற்றினால், நான் மேலே சொன்ன பிளாஸ்டிக் தாள் ஓரம் சுருண்டு தொங்கிக்கொண்டிருந்தது. பியூட்டைல் டேப் வாங்கி, தகட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, தாளை ஒட்டினேன். முன்பே உள்ள இரண்டாவது ஒழுக்கு, முதலாவதைச் சரிசெய்த பிறகுதான் கண்ணில் படும். பழைய கார்களில் இது வழக்கம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் திறந்தது. அதனால் இங்கே ஓடுகிறவற்றில் பல, ரப்பர் இறுகிப்போன வயதுக்காரர்கள். அன்டெனாவின் அடி, கூரை ஓரத் தகட்டு இணைப்பு, பின்விளக்கின் கஸ்கட், பின் பம்பருக்குள் இருக்கும் காற்றுப்போக்கி, இவையும் சந்தேகப்பட வேண்டியவைதான். சன்ரூஃப் இருந்தால் அதன் மூலைகளிலிருந்து இறங்கும் குழாய்களையும் பார்க்க வேண்டும். கம்பி விட்டுக் குத்தினால் குழாய் கழன்று, புது வேலை வரும்.

சிலிக்கனைப் பற்றி ஒரு வார்த்தை. வினிகர் வாடை அடிக்கும் மலிவான சிலிக்கன் இறுகும்போது அசற்றிக் அமிலத்தை விடும். பெயின்ட் போன தகட்டில் அது துருவுக்கு விருந்து. ஈரத்திலும் அழுக்கிலும் ஒட்டாது, ஒட்டிய இடத்தில் பிறகு பெயின்டும் பிடிக்காது. எல்லாவற்றையும்விட மோசம், வடிகால் எது ஓட்டை எது என்று தெரியாமல் பூசினால் தண்ணீர் வெளியேறும் வழியையே அடைத்துவிடும். முன்கண்ணாடி ஓரம் ஒழுகினால் அதைக் கழற்றி யூரித்தேன் பசையில் மறுபடி உட்கார வைப்பதுதான் வேலை. அந்தக் கண்ணாடி காரின் பலத்திலும் பங்கு வகிக்கிறது.

அப்புறம் காய வைப்பது. கதவைத் திறந்து வைத்தால் காய்ந்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஜூன் மாத ஹட்டனில் அது நடக்காது. 15 பாகை செல்சியஸில் ஒரு கனமீற்றர் காற்று சுமக்கக்கூடிய ஈரம் 13 கிராம்தான். வெளிக்காற்றில் ஈரப்பதன் 90 வீதம் என்றால் அதில் மிச்ச இடம் 1.3 கிராம். காருக்குள் சுமார் 3 கனமீற்றர் காற்று, அதாவது ஒருமுறை நிறைந்து வெளியேறினால் 4 கிராம். மெத்தை குடித்த 5 லீற்றரை எடுக்க அந்தக் காற்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை முழுதாக மாற வேண்டும். அதற்குள் பூஞ்சணம் குடிவந்துவிடும். காலையில் கண்ணாடி உள்பக்கமாகப் புகைமூடுவதும் இந்தத் தண்ணீர்தான்.

அதே காற்றை 30 பாகைக்குச் சூடாக்கினால் அது 30 கிராம் வரை சுமக்கும். தேயிலைத் தொழிற்சாலையில் மழைநாளில் கொழுந்து வாட்டும் காற்றோடு சூடான காற்றைக் கலந்து விடுவது இதற்காகத்தான். நான் மெத்தையைக் கழற்றி மிதித்துப் பிழிந்து, அடுப்படியின் சூட்டில் மூன்று நாள் தொங்கவிட்டேன். காருக்குள் ஹீட்டரையும் ஏசியையும் சேர்த்துப் போட்டு ஓடினேன்; ஏசி ஈரத்தைப் பிடித்து வெளியே சொட்டவிடும், ஹீட்டர் காற்றைச் சூடாக்கும். ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் சீட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ உள்ள பெரிய பட்டரிப் பக்கம் ஈரம் கண்டால், உயர் மின்னழுத்தம் ஓடும் செம்மஞ்சள் வயரில் கை வைக்காமல் தெரிந்தவரிடம் விட்டுவிடுவது நல்லது.

மெத்தையைத் திரும்பப் போடும்போது அதன் அடியில் நான்கு இடத்தில் பழைய பேப்பர் வைத்தேன். மூன்று வாரம் விடாமல் பெய்த பிறகு எடுத்துப் பார்த்தேன், மொறுமொறுவென்று இருந்தது. பின்கதவைச் சுற்றிப் பூசிய சிலிக்கன் மட்டும் இன்னும் இருக்கிறது. சுரண்டினால் பெயின்டும் சேர்ந்து வருகிறது.