மல்டிப்ளையர் என்றால் ஆண்டு மடங்கு

நாகர்கோவிலில் விபத்து வழக்கு நடத்தும் வக்கீல்களிடம் 'மல்டிப்ளையர் 16' என்ற பேச்சு சாதாரணம். கணவனை இழந்து எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அது ஏதோ வண்டி உதிரிபாகம் போலக் கேட்கும். இறந்தவரால் குடும்பத்துக்கு ஆண்டுதோறும் கிடைத்துவந்த வருமானத்தை எத்தனையால் பெருக்கி இழப்பீடு தருவது என்பதே அந்த எண்.

குலசேகரம் பக்கம் 32 வயது ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் லாரி மோதி இறந்தார் என்று கொள்வோம். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நால்வர் அவரை நம்பியிருந்தவர்கள். சம்பளச் சீட்டு கிடையாது. மழை பெய்தால் வெட்டும் கிடையாது. தீர்ப்பாயம் மாத வருமானத்தை 18,000 ரூபாய் என்று மதிப்பிட்டால், வருங்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூடும்: 25,200. அவரது சொந்தச் செலவுக்காகக் கால் பங்கு கழியும்: 18,900. ஆண்டுக்கு 2,26,800. இதை 16 ஆல் பெருக்கினால் 36,28,800 ரூபாய். ஈமச்செலவு முதலியவை தனி.

அறுபது வயதுவரை 28 ஆண்டுகள் உழைத்திருப்பாரே, 16 மட்டும் ஏன்? மாதாமாதம் வரவேண்டிய பணம் மொத்தமாக இன்றே கைக்கு வருகிறது. வங்கியில் போட்டால் வட்டி தரும். நோய், வேலையின்மை போன்ற நிச்சயமின்மைகளையும் அதில் கழித்துவிடுகிறார்கள். இறந்தவரின் வயதைப் பொறுத்து எண் மாறும்: 15 முதல் 25 வயதுவரை 18 ஆகும். 65 ஐத் தாண்டியவருக்கு 5. 2009 இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணை இது. முறை என்னவோ இங்கிலாந்து நீதிமன்றங்களிலிருந்து வந்தது. 1994 இல் நம் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்திய வழக்கு, பக்கத்து வீடான கேரளத்தின் அரசுப் போக்குவரத்துக் கழகம் சம்பந்தப்பட்டது.

மல்டிப்ளையரைத் தமிழில் 'பெருக்கி' என்று எழுதுகிறார்கள். கணக்குப் பாடத்துக்குச் சரி. வழக்கு மனுவில் படித்தால் எனக்கு வாரியல்தான் நினைவுக்கு வருகிறது. 'பெருக்கற்காரணி'யோ வாயில் நுழையவில்லை. மூலமான லத்தீன் சொல்லில் இருப்பவை 'பல', 'மடி' என்ற இரண்டு பொருள்கள்தாம். துணியை மடிக்கிற அதே மடி. மடங்குவதிலிருந்து நாம் 'மடங்கு' என்று எடுத்ததும் அப்படித்தானே? ஆகவே 'ஆண்டு மடங்கு' என்பேன். 'உங்கள் வீட்டுக்காரருக்கு ஆண்டு மடங்கு பதினாறு' என்று சொன்னால், அந்தப் பெண் விரல்விட்டே கணக்கைச் சரிபார்த்துக்கொள்வாள்.