சாவிக் கொத்தும் அப்போபிஸும்

காரைக்குடியில் இயற்பியல் பாடம் நடத்துகிறேன். வார இறுதிகளில் மாணவர்களோடு தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு சுற்றுவட்டார ஊர்களுக்குப் போய் வானம் காட்டுவது வழக்கம். ஒருமுறை கானாடுகாத்தானில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் நிலாவைக் காட்டிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு ஆச்சி மெதுவாக என்னிடம் வந்தார்.

"ஏந் தம்பி, 2029 சித்திரை ஒண்ணாந் தேதி வானத்துலேருந்து ஒரு கல்லு வந்து விழுகுதாமே? பேரன் போன்ல காட்டுனான். அவன் கல்யாணத்தை அதுக்கு முன்னாடியே வச்சிருவமான்னு இருக்கு."

உண்மையான பயத்தோடு கேட்டார். இதே கேள்வியைப் பள்ளிப் பிள்ளைகளும் கேட்கிறார்கள், படித்து வேலையில் இருப்பவர்களும் கேட்கிறார்கள்.

அந்தக் கல்லின் பெயர் அப்போபிஸ். அது விழாது. நம் நேரப்படி 2029 ஏப்ரல் 14 அதிகாலை சுமார் 3.16 மணிக்குத் தரையிலிருந்து ஏறக்குறைய 32,000 கிலோமீட்டர் உயரத்தில் கடந்து போய்விடும். நம் வீட்டு டிஷ் ஆன்டெனாவுக்குப் படம் அனுப்பும் செயற்கைக்கோள்கள் இருப்பது சுமார் 36,000 கிலோமீட்டரில். அவற்றுக்கும் கீழே வருகிறது. கல்லும் சின்னதில்லை, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல ஐந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவோ அவ்வளவு. அதனால் ஆச்சி பயந்ததில் தவறே இல்லை. ஆனால் 'பக்கத்தில் வருகிறது' என்பதும் 'மோதுகிறது' என்பதும் வேறு வேறு.

பயம் தொடங்கியது 2004-இல். அந்த ஜூனில் அமெரிக்காவின் கிட் பீக் மலையிலிருந்து இதைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு இரவுதான் பார்க்க முடிந்தது, அப்புறம் டிசம்பரில்தான் மறுபடி கிடைத்தது. பாதையைக் கணக்குப் போட்டால் 2029-இல் மோதும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போய், டிசம்பர் 27-இல் 2.7 சதவீதத்தைத் தொட்டது. சுனாமிக்கு மறுநாள் அது. நம் கரையில் அன்று யாரும் வானத்தைப் பற்றி நினைக்கும் நிலையில் இல்லை.

சதவீதம் ஏன் ஏறியது? ஆச்சிக்கு அவர் வீட்டை வைத்தே சொன்னேன்.

"ஆச்சி, உங்க சாவிக் கொத்து தொலைஞ்சு போச்சுன்னு வைங்க. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, கிணத்தடின்னு அஞ்சு இடத்துல எங்கயும் இருக்கலாம். கிணத்துல விழுந்திருக்க அஞ்சுல ஒரு பங்கு வாய்ப்பு. முகப்புலயும் வளவுலயும் தேடிட்டீங்க, இல்லை. இப்ப கிணத்துக்கு மூணுல ஒரு பங்கு ஆயிருச்சு. சாவி நகரவே இல்லை, நீங்க தேடுற இடம்தான் சுருங்குச்சு."

"அடுப்படியில கிடைச்சிருச்சுன்னா?"

"கிணத்துக்கு ஒண்ணும் இல்லை, பூச்சியம்."

விண்கல் கணக்கும் இதேதான். கல் எங்கே வரும் என்று சந்தேகப்படும் பரப்பு நாளுக்கு நாள் சுருங்குகிறது. பூமி அதற்குள்ளே இருக்கும் வரை சதவீதம் ஏறும். பூமி வெளியே விழுந்ததும் சட்டென்று இறங்கிவிடும். அந்த டிசம்பரிலேயே, மார்ச் மாதம் எடுத்த பழைய வானப் படங்களில் அப்போபிஸ் பதிந்திருந்ததைத் தேடி எடுத்தார்கள். 2029 மோதல் கணக்கிலிருந்து போனது. 2021 மார்ச்சில் ரேடார் வைத்து அளந்தபின், குறைந்தது நூறு ஆண்டுகளுக்கு இதனால் ஆபத்தில்லை என்று நாசா அறிவித்தது. 2024 ஒய்ஆர்4 என்ற கல்லுக்கும் 2025 பிப்ரவரியில் 3.1 சதவீதம் வரை ஏறி, சில நாளில் பூமிக்கு ஆபத்தில்லை என்றாகிவிட்டது. ஏறும்போது பத்து வீடியோ வருகிறது, இறங்கும்போது ஒன்றுகூட வருவதில்லை. எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் இதுதான்.

இன்னொன்று, 'ஆபத்து வாய்ப்புள்ள விண்கல்' என்ற சொல். சுமார் 140 மீட்டருக்கு மேல் பெரிதாக இருந்து, அதன் பாதை பூமியின் பாதையை 75 லட்சம் கிலோமீட்டருக்குள் நெருங்கினால் அந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். நிலா இருக்கும் தூரத்தைப் போல கிட்டத்தட்ட இருபது மடங்கு அது. கண்காணிக்க வேண்டியது என்பதற்கான பெயர், வந்து மோதும் என்பதற்கில்லை.

சரி, கவலைப்பட எதுவுமே இல்லையா? சின்னக் கற்கள் இருக்கின்றன. 2013 பிப்ரவரி 15-இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே சுமார் 20 மீட்டர் கல் ஒன்று வானிலேயே வெடித்தது. ஏறக்குறைய 1,500 பேருக்குக் காயம், பெரும்பாலும் கண்ணாடிச் சில்லால். வெளிச்சம் பார்த்து ஜன்னலுக்கு ஓடியிருக்கிறார்கள். அதிர்வலை பின்னால்தான் வந்து சேர்ந்தது. வண்ணக் கண்ணாடி பதித்த ஜன்னல்கள் நிறைந்த ஊரில் இதை நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன்: வானில் திடீரென்று கண் கூசும் ஒளி தெரிந்தால் ஜன்னலை விட்டு விலகுங்கள், சுவர் ஓரமாக உட்காருங்கள், சில நிமிடம் எழுந்து வராதீர்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

அப்போபிஸ் இப்போது 324 நாளில் சூரியனைச் சுற்றுகிறது. 2029-இல் பூமி அதை இழுத்து வளைத்துவிடுவதால், அதன்பின் ஒரு சுற்றுக்கு ஓராண்டுக்கு மேல் ஆகும். ஒரு கல்லின் பாதை கண் முன்னே மாறுவதைப் பார்க்கக் கிடைப்பது அபூர்வம். அன்று நம் இரவில் அது இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா பக்கம் போகும். தொலைநோக்கியோடு வருகிறேன் என்று ஆச்சியிடம் சொல்லியிருக்கிறேன். பேரன் கல்யாணத்துக்குத் தேதி பார்ப்பதை அவர்கள் வீட்டு வசதிப்படியே வைத்துக்கொள்கிறார்களாம்.