வீட்டில் பழைய பிக்கப்பைப் புதுப்பிக்கிறீர்களா? இன்ஜினைத் தொடும் முன் இதைப் படியுங்கள்

பழைய பிக்கப் வண்டியை வீட்டிலேயே வைத்துப் புதுப்பிக்க ஆசைப்படுபவர்கள் என்னைப் பார்க்க வந்தால், முதல் பேச்சு இன்ஜினைப் பற்றித்தான் இருக்கும். பெரிய வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின் உட்காருமா, கார்புரேட்டரை மாற்றலாமா, வண்டியை எத்தனை அங்குலம் தாழ்த்தலாம். பிரேக்கைப் பற்றி முதலில் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் அந்தச் சத்தத்தில் மயங்கித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். ஆனால் பட்டறைக்கு வரும் வண்டிகளைப் பிரித்துப் பிரித்து ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டது. வீட்டு வேலையில் வரிசை தப்பினால் பணம் மட்டும் போவதில்லை, ஆளுக்கே அடி விழுகிறது.

ஒரு வண்டியைச் சொல்கிறேன். 1965 மாடல் ஷெவர்லே சி10. உரிமையாளர் இரண்டு வருஷம் உழைத்து இன்ஜினை முழுதாகப் புதுப்பித்திருந்தார். பெயின்ட்டில் முகம் தெரிந்தது. "பிரேக் அடித்தால் ஒரு பக்கமாக இழுக்கிறது, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக் கொடுங்கள்" என்றுதான் கொண்டுவந்தார். முன்சக்கரத்துக்குப் பிரேக் எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி வெளியே பார்த்தேன். ஒரு வெடிப்புகூட இல்லை. கத்தியால் நீளவாக்கில் பிளந்து அவர் கையிலேயே கொடுத்தேன். உள்சுவர் ஊறி வீங்கி, எண்ணெய் போகும் துளை ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. பெடலை மிதிக்கும்போது அழுத்தம் எப்படியோ உள்ளே போய்விடும், காலை எடுத்த பிறகு திரும்பி வராது. அந்தச் சக்கரம் பிரேக் பிடித்தபடியே உருளும், டிரம் கொதிக்கும். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த வண்டியில் தன் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டியிருக்கிறார்.

அதைவிடப் பெரிய விஷயம் அந்த வண்டியின் மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை மிதிக்கும்போது எண்ணெயை அழுத்தித் தள்ளும் உறுப்பு. அந்தக் காலத்துப் பிக்கப்புகளில் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே சர்க்யூட்தான், அதாவது ஒரே எண்ணெய்ப் பாதை. எங்கேயாவது ஒரு ஹோஸ் வெடித்தாலோ, துருப்பிடித்த ஒரு பைப் ஓட்டையானாலோ பெடல் தரையைத் தொட்டுவிடும். ஒரு சக்கரத்தில்கூடப் பிரேக் இருக்காது. சி10-ல் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி சர்க்யூட் 1967 மாடலில்தான் வந்தது. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் 1971-ல் வந்தது. ஆகவே உங்கள் வண்டி அதற்கு முந்தையது என்றால், முதல் மாற்றம் இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டராக இருக்கட்டும். கூடவே ரப்பர் ஹோஸ்கள் மூன்றும், எஃகு பைப்புகளும், சக்கரத்தில் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர்களும் புதிதாகட்டும். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை ஸ்குரூடிரைவரால் மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் அது ஒழுக ஆரம்பித்துவிட்டது.

பிரேக் எண்ணெயும் அப்படித்தான். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 (DOT 3) என்ற வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் எண்ணெய் கொதித்து ஆவியாகும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். பல வருஷம் ஓடாமல் கிடந்த வண்டியில் பழைய எண்ணெயை ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்காதீர்கள்.

டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் மாட்டுவது நல்ல வேலை. ஆனால் பாதி வேலையாகச் செய்யக் கூடாது. டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரிலோ அதன் லைனிலோ சுமார் 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) அழுத்தத்தை எப்போதும் பிடித்து வைக்கும் ஒரு சின்ன வால்வு இருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு முன்னால் டிஸ்க் மாட்டினால் டிஸ்க்கை அழுத்தும் பேட் விலகவே விலகாது. புகை கிளம்பும். சில பழைய மாடல்களில் மாஸ்டர் சிலிண்டர் கேபின் தரைக்கு அடியில், டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கும். அங்கே எண்ணெய் திரும்பி வடியாமல் இருக்க 2 பிஎஸ்ஐ வால்வு தேவை. பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளாமல் இருக்க அழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் வால்வும் வேண்டும். பிக்கப்புக்கு இது ரொம்ப முக்கியம். பின்னால் பாரம் இல்லாதபோது பின்சக்கரம் எளிதில் பூட்டிக்கொள்ளும், வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும்.

அடுத்து சேஸிஸ். பெயின்ட்டைச் சுரண்டும் முன் ஒரு சின்ன சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய், சட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். துரு தின்ற இடம் சொத்தென்று மங்கிய சத்தம் தரும். கேபினைத் தாங்கும் இடங்கள், ஸ்பிரிங் மாட்டும் கொக்கிகள், ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட் இருக்கும் இடம், இந்த மூன்றையும் இரண்டு முறை பாருங்கள். பாடியில் பட்டி பூசி மறைத்த துருவைக் கண்டுபிடிக்க ஒரு காந்தம் போதும், பட்டி மேல் அது ஒட்டாது. கதவுக்குக் கீழே உள்ள ராக்கர் தகடு அழுகியிருந்தால் உடனே கிரைண்டரை எடுக்காதீர்கள். கதவு வாசலுக்குள் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டு அடித்துக் கேபினை இறுக்கிய பிறகுதான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் கேபின் மெல்லத் தொய்ந்து, புதுத் தகடு போட்ட பிறகு கதவு மூடாது. அதற்கு அப்புறம் சரிசெய்வது பெரும்பாடு.

சரி, இப்போது நான் மிகவும் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். வண்டிக்கு அடியில் படுப்பது.

இந்த வண்டிகள் ஒன்றரை டன் சுமாருக்கு எடை உள்ளவை. ஹைட்ராலிக் ஜாக்கிக்குள் அந்த எடையைப் பிடித்து வைத்திருப்பது விரல் தடிமன்கூட இல்லாத ஒரு ரப்பர் சீல். அது போகும்போது சொல்லிவிட்டுப் போகாது. தூக்கியதோடு ஜாக்கியின் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு தாங்குவது ஸ்டாண்டின் வேலை. செங்கல், உள்ளே ஓட்டை உள்ள சிமென்ட் கல், மரக்கட்டை அடுக்கு, எதுவும் வேண்டாம். சிமென்ட் கல் நேற்று தாங்கியது என்பதற்காக இன்றும் தாங்காது. ஒரு கீறல் விழுந்தால் மொத்தமாக நொறுங்கிவிடும்.

நான் செய்யும் முறை இதுதான். சமமான, கெட்டியான தரை. மண் தரை என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த இரும்புத் தகடு. தூக்காத சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை. ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது, அது பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும், பின்பக்கத்தைத் தூக்கியவுடன் அதனால் பயன் இல்லை. ஸ்டாண்டைச் சேஸிஸ் சட்டத்திலோ ஆக்சிலிலோ வைத்து, வண்டியை இறக்கி உட்கார வைத்து, பிறகு உடம்பு பலம் முழுவதையும் போட்டு வண்டியைத் தள்ளி ஆட்டிப் பார்ப்பேன். விழுவதென்றால் நான் வெளியே நிற்கும்போது விழட்டும். கழற்றிய சக்கரத்தைச் சட்டத்துக்கு அடியில் படுக்க வைத்துவிடுவேன். ஸ்டாண்டு சரிந்தாலும் அந்த இடைவெளி ஓர் உயிரைக் காப்பாற்றும். வீட்டில் ஒருவரிடம் "அடியில் படுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் படுங்கள். நடு இரவில், எல்லோரும் தூங்கிய பிறகு, தனியாக வேண்டாம்.

முன்பக்கக் காயில் ஸ்பிரிங்கைக் கழற்றும்போதும் இதே கவனம் வேண்டும். சுருண்டு உட்கார்ந்திருக்கும் அந்த ஸ்பிரிங் விடுபட்டால் துப்பாக்கிக் குண்டுக்குச் சமம். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் கருவி போட்டு, கூடவே சட்டத்தோடு ஒரு சங்கிலியும் கட்டிவிட்டுத்தான் ஸ்பிரிங்கைத் தாங்கும் கீழ்ப்பக்க ஆர்மை இறக்க வேண்டும்.

பெட்ரோல் டேங்கைப் பற்றி ஒரு வார்த்தை. 1960 முதல் 1972 வரையிலான ஷெவர்லே பிக்கப்புகளில் டேங்க் கேபினுக்குள்ளேயே, சீட்டுக்குப் பின்னால் இருக்கும். கேபின் தரையில் வெல்டிங் செய்பவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். டேங்கைக் கழற்றி வெகுதூரம் கொண்டுபோன பிறகே தீப்பொறி வரும் எந்த வேலையும். காலி டேங்க்தானே என்று நினைக்காதீர்கள். வெடிப்பது ஆவிதான், காலி டேங்க் முழுக்க அந்த ஆவியாகத்தான் இருக்கும். ஓட்டை விழுந்த டேங்கை வீட்டில் வெல்டு அடிக்கவே கூடாது. புது டேங்க் வாங்குங்கள், அல்லது அதற்கென்றே வசதி உள்ளவர்களிடம் கொடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும் என்பதால், டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லாக் குழாயையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுவது நல்லது.

கண்ணுக்குத் தெரியாத விஷம் இன்னொரு பக்கம். பழைய பிரேக் லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைக் கழற்றியவுடன் கம்ப்ரஸர் காற்றால் ஊதுவது பல பேருக்குக் கை வந்த பழக்கம். தயவுசெய்து நிறுத்துங்கள். தண்ணீரால் நனைத்துத் துடைத்தெடுங்கள், துணியைப் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அதையும் உலர்வாகத் தேய்க்காமல் ஈரமாகவே உப்புத்தாள் போடுங்கள். வேலை செய்த உடையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனர் அடித்த இரும்பின் மேல் வெல்டிங் செய்தால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட வாயு அது. கொஞ்சம் உள்ளே போனாலும் நுரையீரலில் நீர் கோக்கும், அதுவும் சில மணி நேரம் கழித்து, ஆள் வீட்டுக்குள் வந்து படுத்த பிறகு. கேனின் லேபிளைப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் அதைப் பட்டறைக்குள்ளேயே வைக்காதீர்கள்.

பெயின்ட் அடிப்பதைப் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே பெயின்ட்டில் ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கிறது. வாசனை தெரிவதற்கு முன்பே அது தீங்கு செய்யும் அளவைத் தாண்டியிருக்கும். ஒருமுறை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால், அதன் பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமா மாதிரி மூச்சு அடைக்கும். என்னோடு வேலை பார்த்த ஒரு நல்ல பெயின்டர் இப்போது பெயின்ட் அறை வாசலில்கூட நிற்க முடியாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகமூடி இல்லாமல் அதை வீட்டில் அடிக்காதீர்கள். கரித்தூள் முகமூடியை நம்பி இறங்க வேண்டாம். தகடு வேலை, பட்டி, பிரைமர் தேய்ப்பு எல்லாவற்றையும் வீட்டில் செய்துவிட்டு, கடைசி பெயின்ட்டுக்கு மட்டும் வெளியே கொடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ஒயரிங்கில் ஒன்று மட்டும். சில பழைய வண்டிகளில் டேஷ்போர்டு ஆம்மீட்டர் வழியாகத்தான் முழு மின்சாரமும் போகும். முப்பது சொச்சம் ஆம்பியர் தரும் பழைய டைனமோவுக்குப் போட்ட ஒயர் அது. அதே ஒயரில் 100 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை மாட்டினால் முதலில் சூடாவது உங்கள் முழங்காலுக்கு மேலே உள்ள இடம்தான். ஆம்மீட்டரை விலக்கிவிட்டு, தடித்த ஒயரும் ஃபியூஸும் போட்டு, வோல்ட்மீட்டர் வையுங்கள்.

தாழ்த்துவதோ உயர்த்துவதோ எதுவானாலும், சஸ்பென்ஷன் முழுதாகத் தொங்கும் நிலையிலும் முழுதாக அமுங்கிய நிலையிலும் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, உரசுகிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். சீட் பெல்ட் இல்லாத வண்டியில் பெல்ட் மாட்டுவது நல்லது, ஆனால் போல்ட்டைத் தரைத் தகட்டில் மட்டும் மாட்டினால் மோதலில் தகட்டோடு பிய்ந்து வந்துவிடும். அடியில் தடித்த இரும்புத் தகடு வைத்து இறுக்க வேண்டும். இரண்டு மூன்று துண்டாக வளையம் பூட்டிய பழைய கனரகச் சக்கரங்கள் உங்கள் வண்டியில் இருந்தால் நீங்களே டயர் கழற்றவோ காற்றடிக்கவோ வேண்டாம். அந்த வளையம் தெறித்து உயிர்கள் போயிருக்கின்றன. டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நாலு இலக்கத்தையும் பாருங்கள். 2319 என்றால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்தது. மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது 2000-க்கு முந்தைய டயர், பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கழற்றிப் போட்டுவிடுங்கள்.

இவ்வளவும் முடிந்து முதல் ஓட்டம் வரும். ஆள் நடமாட்டம் இல்லாத, சமமான இடமாகப் பாருங்கள். நண்பர்களை ஏற்ற வேண்டாம். தீயணைப்பான் சீட்டுக்குப் பக்கத்தில் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். இன்ஜினைப் போடுவதற்கு முன்பே பெடலை நன்றாக அழுத்தி ஒரு நிமிஷம் பிடித்திருங்கள். கால் மெதுவாக உள்ளே இறங்கினால் அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள், எங்கோ ஒழுகுகிறது. இறங்கவில்லை என்றால் நடக்கும் வேகத்தில் நகர்ந்து, நிறுத்துங்கள். அப்புறம் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒருமுறை, 40-ல் ஒருமுறை. இறங்கி நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அந்தச் சக்கரம் விடவில்லை. ஒவ்வொரு ஹோஸ் முனையையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றி எடுத்துப் பாருங்கள், ஈரம் இருந்தால் காகிதத்தில் தெரியும். 80 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்ச் போட்டு மறுபடி இறுக்குங்கள்.