மஞ்சளாகித் திரும்பிச் சிவக்கும் சால்மொனெல்லா

“சால்மொனெல்லாவும் சைலோஸைப் புளிக்க வைத்து அமிலம் உண்டாக்குகிறதே, பிறகு எக்ஸ்எல்டி தட்டில் அது ஏன் சிவப்பாக இருக்கிறது?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சால்மொனெல்லா டைஃபாய்டு போன்ற நோய்களைத் தரும் பாக்டீரியா; எக்ஸ்எல்டி ஆய்வகத்தில் அதை வளர்த்துக் கண்டறியும் அகார் ஊடகம்; சைலோஸ் ஒரு சர்க்கரை. அது முதலில் மஞ்சள் பக்கம்தான் போகிறது. பிறகு திரும்பி வருகிறது.

தேர்வு ஊடகம் வேண்டாததை வளரவிடாது. வேறுபடுத்தும் ஊடகம் வளர்ந்ததை நிறத்தால் பிரித்துக் காட்டும். மெக்கான்கி அகார் இரண்டும் செய்யும். ஆனால் அதில் சால்மொனெல்லா, வயிற்றுக்கடுப்பு தரும் ஷிகெல்லா, குடலில் வாழும் புரோட்டியஸ் மூன்றுமே நிறமற்ற காலனிகள்தான் (காலனி என்பது ஒரே கிருமி பெருகி உண்டான புள்ளி); நிறத்தால் பிரிக்க முடியாது.

1965-ல் வெல்டன் டெய்லர் வெளியிட்ட எக்ஸ்எல்டி அந்த முடிச்சை அவிழ்த்தது. லிட்டருக்குச் சுமார் 3.5 கிராம் சைலோஸ், 5 கிராம் லைசின் என்ற அமினோ அமிலம், லாக்டோஸும் சுக்ரோஸும் 7.5 கிராம் வீதம். கிராம் பாசிட்டிவ் (கிராம் சாயத்தில் ஊதாவாகும்) பாக்டீரியா வகைகளைத் தடுக்க டிஆக்சிகோலேட் என்ற பித்த உப்பு. நிறம் காட்டுவது ஃபீனால் ரெட்: அமிலத்தில் மஞ்சள், காரத்தில் சிவப்பு.

சைலோஸ் இவ்வளவு குறைவாக இருப்பதில்தான் சூட்சுமம். சால்மொனெல்லா அதைத் தின்று அமிலம் விடுகிறது. அந்த அமிலமே லைசினைச் சிதைக்கும் நொதியைத் தூண்டிவிடுகிறது. லைசின் கேடவரின் என்ற காரப்பொருளாகிறது. சைலோஸ் சீக்கிரம் தீர்ந்துவிடும், லைசின் தீராது. காரம் ஜெயிக்கிறது, காலனி சிவக்கிறது. ஊடகத்தில் உள்ள தியோசல்பேட்டிலிருந்து சால்மொனெல்லா வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடு அங்குள்ள இரும்பு உப்போடு சேர, நடுவில் கரும்புள்ளி விழுகிறது.

ஈ. கோலை வகைகள் பெரும்பாலும் லைசினைச் சிதைக்கும். அவை ஏன் சிவக்கவில்லை? மற்ற இரு சர்க்கரைகளும் அதற்காகத்தான்: 15 கிராம் சர்க்கரை தரும் அமிலத்தை லைசினால் சரிக்கட்ட முடியாது, மஞ்சளாகவே நிற்கும். ஷிகெல்லா பொதுவாகச் சைலோஸைத் தொடுவதில்லை, எனவே கரும்புள்ளி இல்லாத சிவப்பு. மூன்று சர்க்கரை, ஓர் அமினோ அமிலம், ஒரே சாயம். இதைவிடச் சிக்கனமான கணக்கை நான் அதிகம் பார்த்ததில்லை.

கெடுவது பெரும்பாலும் தயாரிப்பில்தான். இதை ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்யக் கூடாது. கொதிநிலை வரை சூடாக்கி, முழுதும் கரைந்ததும் இறக்கி, சுமார் 50 டிகிரி செல்சியஸில் ஊற்ற வேண்டும். அதிகம் சூடானால் வீழ்படிவு இறங்கிவிடும். 35–37 டிகிரியில் வைத்து 18–24 மணி நேரத்தில் படிக்க வேண்டும். 48 மணி நேரம் விட்டால் மஞ்சள் காலனிகளும் சிவப்பாகத் திரும்பி ஏமாற்றலாம்.

சிவப்பு என்றதும் ஷிகெல்லா என்று எழுதிவிடவும் கூடாது. சூடோமோனாஸ் என்ற வேறொரு பாக்டீரியாவும் சிவப்பாக வரும். ஆக்சிடேஸ் என்ற நொதியைத் தேடும் சோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். சால்மொனெல்லாவின் ஒரு வகையான பாராடைஃபி ஏ கரும்புள்ளி இல்லாமல் வந்து ஷிகெல்லா வேடம் போடும். உயிர்வேதிச் சோதனையும் சீரம் சோதனையும் முடியாமல் பெயர் வைக்க வேண்டாம்.

பிசிஆர் (மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) வந்துவிட்டதே, தட்டுகளுக்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிசிஆர் சொல்வது கிருமியின் மரபணு இருப்பதை. எந்த மருந்தில் அது சாகிறது என்று நேரில் வைத்துப் பார்க்க உயிருள்ள, தனியாகப் பிரிந்த காலனி வேண்டும். அதைத் தருவது தட்டுதான்.