"ஒண்ணும் இல்லைன்னு சொல்லத்தான் இத்தனை டெஸ்ட்டா டாக்டர்?"

போன வாரம் ஒரு மகன் கேட்ட கேள்வி. அவருடைய அம்மாவுக்கு 68 வயது. ஐந்து மாதத்தில் ஏழாவது முறையாக வந்திருந்தார். தலை கனக்கிறது, தூக்கமில்லை, படபடப்பு. ஈசிஜி, தைராய்டு, ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று. கணவர் இறந்து எட்டு மாதம். "ஒரு நாளைக்கு எத்தனை பேரோட பேசுவீங்கம்மா?" என்றேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "யார் இருக்கா பேச?" என்றார்.

சமூகப் பரிந்துரை எழுதிக் கொடுத்தேன். அதாவது, பேசிப் பழக ஒரு குழுவுக்கோ, தேவையான வேறு உதவிக்கோ அனுப்பும் சீட்டு. மகன் சீட்டை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். இந்த மாதத்தில் இப்படிக் கோபித்துக்கொண்டு போன நான்காவது குடும்பம் இது.

தயவுசெய்து கேளுங்கள். "ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை" என்றுதான் சொன்னேன். "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லவில்லை. அந்த அம்மாவின் தலைவலி நிஜம். அவர் நடிக்கவில்லை. மனநோய் என்பதை நாசூக்காகச் சொல்லும் வழியும் இதுவல்ல. பேச ஆளில்லாமல் இருப்பது உடம்பைத் தின்னும். 148 ஆய்வுகளில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களைத் தொகுத்து 2010இல் ஓர் ஆய்வு வந்தது. உறவுகள் வலுவாக இருந்தவர்கள் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகமாக இருந்தது. தனிமையைப் பற்றிக் கேட்கிறேன் என்றால், ரத்த அழுத்தத்தைப் பார்க்கும் அதே அக்கறையோடுதான் கேட்கிறேன்.

"நாலு பேரோட பழகுங்க" என்று சொல்லி அனுப்புவது சமூகப் பரிந்துரை ஆகாது. (சக மருத்துவர்களே, இது நமக்கும்தான்.) இடையில் இணைப்புப் பணியாளர் ஒருவர் வேண்டும். அவர் பொறுமையாக உட்கார்ந்து, இவருக்கு எது பிடிக்கும், எது தடுக்கிறது என்று கேட்பார். சிலருக்குத் தோட்டக் குழு, சிலருக்குப் பாட்டுக் குழு. சிலருக்கு உண்மையான பிரச்சினை கடனும் வாடகையும்தான். அவர்களைப் பாட்டுக் குழுவுக்கு அனுப்பி என்ன பயன்? 1984இல் தொடங்கிய, கிழக்கு லண்டனின் புரோம்லி பை போ மையம் இந்த வழியில் நடக்கிறது. 2019இல் இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவை இதைத் தன் நீண்டகாலத் திட்டத்திலேயே சேர்த்துக்கொண்டது. எல்லோருக்கும் பலிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆய்வு முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை.

பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். இது அவற்றுக்கு மாற்று அல்ல. நெஞ்சுவலி, திடீர் எடைக்குறைவு, வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு, இவற்றுக்கு எந்தக் குழுவும் போதாது. உடனே மருத்துவரிடம் வாருங்கள். குழுவுக்குப் போகும் முதல் நாள் வீட்டில் யாராவது கூடவே போங்கள். வாசல்வரை போய்த் திரும்பிவிடுகிறவர்களே அதிகம். ஒரு வாரத்தில் "பிரயோஜனமில்லை" என்று தீர்ப்பு எழுதாதீர்கள்.

அடுத்த முறை அம்மாவை அழைத்து வரும்போது பத்து நிமிடம் வெளியே உட்காருங்கள். நான் கேட்கும் கேள்விகளுக்கு அவரே பதில் சொல்லட்டும்.